பறவை கேள்வி–பதில்: குயில் முட்டையை எடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வாசலில் உள்ள அங்சானா மரத்தில் காகம் கூடு கட்டியிருக்கிறது. கருங்குயில் ஒன்று விடியுமுன்பே கூவுகிறது. புள்ளி போட்ட பறவை ஒன்றும் வந்து போகிறது. குயில் முட்டையை எடுத்துவிட்டால் காகக் குஞ்சுகள் பிழைக்குமா? – வாசகி, செந்தூல்

பதில்: எடுக்க வேண்டாம். நீங்கள் பார்த்த கருங்குயிலும் புள்ளிப் பறவையும் ஒரே இனம். பாட்டுகளில் குயிலைப் பெண்ணாகவே பாடிப் பழகிவிட்டோம். உண்மையில் கூவுவது சிவந்த கண்ணுள்ள கறுப்பு ஆண்தான். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி உள்ள பெண் ‘கிக்-கிக்’ என்று கத்தும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும், காக முட்டைக்கு 16, 17 நாளாகும். முந்திப் பிறந்த குஞ்சு இரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு. காகம் 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்கு, காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காகக் கொண்டுவரப்பட்ட பறவை. அதன் பெருக்கத்துக்கு இயற்கையாக அமைந்த சிறு தடை இந்தக் குயில்.

கேள்வி: பள்ளித் தோட்டத்தில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. மாணவர்கள் கண்காணிக்கலாமா? – ஆசிரியர், ஆயர் ஈத்தாம்

பதில்: தாராளமாக, ஆனால் எட்டி நின்று. 8×42 தொலைநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை உள்ளது) இருந்தால் பத்து மீட்டர் தள்ளி நின்றே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். கூடு கட்டும்போதும் முதல் முட்டை இடும்போதும் கிட்டே போகவே கூடாது, அந்த நாள்களில்தான் பறவை கூட்டைக் கைவிடும். அதன்பின் 3, 4 நாளுக்கு ஒருமுறை, காலை 10 மணிக்கு மேல், மழை இறங்குமுன் ஒருவர் மட்டும் போகட்டும். குச்சியில் கட்டிய, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியால் ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டு வர வேண்டும். இலைகளைத் தைத்துக் கட்டிய கூடு இது, இலையை விரலால் விலக்கினால் தையல் பிரிந்து கூடே சரிந்துவிடும். போன வழியே திரும்பாமல் நேராகக் கடந்து செல்லுங்கள். கூட்டோடு முடியும் தடம் பூனைக்கு வழிகாட்டும். காகமோ குரங்கோ பக்கத்தில் இருந்தால் அன்றைய பார்வையை விட்டுவிடுங்கள்.

தேதி, நேரம், முட்டை, குஞ்சு, தாய் என்ன செய்தது, இவ்வளவும் அன்றே எழுதியாக வேண்டும். பெரும்பாலும் நாளுக்கு ஒரு முட்டை என்பதால், முட்டையிடும் கட்டத்தில் இரண்டு எண்ணிக்கை கிடைத்தாலே முதல் முட்டையின் தேதியைக் கணக்கிடலாம். கடைசி முட்டைக்குப்பின் சுமார் 12 நாளில் பொரியும். குஞ்சுக்கு இறகு முளைத்ததும் கண்ணாடியை ஒதுக்கிவிடுங்கள், பயந்து பறக்குமுன்பே குதித்துவிடும்.

தாயைவிடப் பெரிய ஒற்றைக் குஞ்சு மட்டும் இருந்தால், அது மலாய்க்காரர் ‘மாத்தி ஆனாக்’ என்னும் சிறு குயிலாக இருக்கலாம். இது மற்ற முட்டைகளைத் தள்ளிவிடும் வகை. அதையும் அப்படியே பதியுங்கள்.

பலர் தவறுவது கூடு காலியானபோதுதான். உடனே ‘பறந்தன’ என்று எழுதிவிடுகிறார்கள். கூடு கிழிந்திருந்தால் ஏதோ தின்றிருக்கிறது. விளிம்பு தேய்ந்து எச்சம் ஒட்டியிருந்து, அருகில் தாய் இரை சுமந்து திரிந்தால் பறந்திருக்கின்றன. எதுவும் புலப்படாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஊகத்தை உண்மையாக எழுதிய ஒரு வரி, மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

கேள்வி: கைப்பேசியில் குயிலின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கலாமா? – வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: முட்டையிடும் காலத்தில் வேண்டாம். போட்டி ஆண் வந்துவிட்டதென்று நினைத்து, உள்ளூர்க் குயில் இரை தேடுவதை விட்டுவிட்டு அதைத் தேடி அலையும்.