ஒட்டுவதற்கு முன் ஒரு தேதி வேண்டும்

கேள்வி: மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, பேட்டன் ரூஜ் நகரில் காட்சிக்கு வைத்திருக்கும் யு.எஸ்.எஸ். கிட் என்ற டெஸ்ட்ராயரை (நாசகாரிப் போர்க்கப்பல்) சுற்றிப் பார்த்தேன். ஊர் திரும்பியும் அதே நினைப்பு. மகன் ரெவெல் நிறுவனத்தின் 1/144 ஃபிளெட்சர் வகுப்பு மாடல் செட்டையும், கூடவே மெல்லிய பித்தளைத் தகட்டில் செய்த நுண்பாகங்கள் கொண்ட பெரிய பித்தளை செட்டையும் வாங்கி அனுப்பிவிட்டான். சின்னச் சின்ன விமானங்கள் செய்து பழக்கமுண்டு. ஆனால் இந்தப் பெட்டியைத் திறந்ததும் மலைத்துப்போய் மூடிவிட்டேன். எங்கே தொடங்குவது? பித்தளை முழுவதையும் போட்டே ஆக வேண்டுமா? ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் முடியுமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பசையைத் தொடுவதற்கு முன், கப்பல் எந்தக் காலத்தில் இருந்தபடி செய்யப்போகிறீர்கள் என்று ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். ஃபிளெட்சர் வகுப்பில் 175 கப்பல்கள் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் நடக்க நடக்க அவற்றில் பீரங்கிகள் கூடின, ரேடார்கள் மாறின. 'ஃபிளெட்சர்' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று படத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்டே போனால், நீங்கள் ஏறி நடந்த கப்பல் கிடைக்காது.

கிட், 1943 ஏப்ரலில் கடற்படையில் சேர்ந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலில் அரிசோனா கப்பலில் உயிரிழந்த ரியர் அட்மிரல் ஐசக் கிட்டின் பெயர் அது. 1945 ஏப்ரல் 11 அன்று ஒகினாவா அருகே ஜப்பானின் காமிகாஸே (தற்கொலைத் தாக்குதல்) விமானம் ஒன்று மோதியதில் 38 பேர் இறந்தார்கள். அதன்பின் பழுதுபார்த்தபோது, இரண்டு டார்பிடோ தொகுதிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைக் கூட்டினார்கள். அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்தது அந்த 1945 ஆகஸ்ட் கோலம். தாக்குதலுக்கு முந்தைய கிட் வேண்டுமென்றால் பத்து டார்பிடோ குழாய்களும் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்த கிட் வேண்டுமென்றால் ஐந்துதான். இதை முடிவு செய்யாமல் மேல்தளத்தில் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

பிரிட்ஜையும், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்மாடக் கட்டமைப்பையும், பாருங்கள். இந்த வகுப்பின் முதல் கப்பலான ஃபிளெட்சருக்கு பிரிட்ஜின் முன்பக்கம் வளைந்திருக்கும். கிட்டுக்குத் தட்டையாகச் சதுரமாக இருக்கும். உங்கள் பெட்டியில் வளைந்த பிரிட்ஜ் இருந்தால் இரண்டு வழி: பிளாஸ்டிக் தகடு வெட்டிச் சதுர பிரிட்ஜை நீங்களே கட்டலாம், அல்லது பேசாமல் ஃபிளெட்சரையே செய்யலாம். முதல் கப்பல் மாடல் என்றாலும் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். நெஞ்சில் நிற்பது கிட் என்னும்போது வேறொரு கப்பலை வருடக்கணக்கில் செதுக்க மனம் வராது. அங்கே எடுத்த படங்கள் உதவும். ஆனால் அவற்றில் பார்வையாளர்களுக்காகச் சேர்த்த கைப்பிடிகளும் படிகளும் கலந்திருக்கும். அமெரிக்கக் கடற்படையின் போர்க்காலப் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேதி முடிவானதும் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. நிஜக் கப்பல் சுமார் 115 மீட்டர், உங்களுடையது கிட்டத்தட்ட 80 செ.மீ. இவ்வளவு நீள உடல் முறுக்கிக்கொள்ளும். உள்ளே குறுக்குத் தடுப்புகள் கொடுத்து, ஒரே மூச்சில் ஒட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக டேப் கட்டி ஒட்டுங்கள். ஸ்டாண்டில் பொருத்தும் திருகுக்கான நட்டை மேல்தளத்தை மூடுவதற்கு முன்பே உள்ளே பதித்துவிடுங்கள். அப்புறம் கை நுழையாது. இணைப்பில் புட்டி பூசி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள்.

இனி பித்தளை. 1/144 அளவில் ஒரு மில்லிமீட்டர் நிஜத்தில் 14.4 செ.மீ.! பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வார்த்த தடுப்புச்சுவர், கோட்டைச் சுவராகத் தெரிவது அதனால்தான். பித்தளையின் பலன் அங்கேதான் இருக்கிறது: ஓரக் கம்பிக் கிராதி, ஏணிகள், கம்பி வலை போன்ற ரேடார், துப்பாக்கிக் கவசங்கள். இவற்றைப் போடுங்கள். கப்பலுக்குள் ஒட்டி மூடிவிடும் நுணுக்கங்களை விட்டுவிடலாம், யார் கண்ணிலும் படாது. வழவழப்பான டைல் மேல் வைத்து வளைந்த பிளேடால் அழுத்தி வெட்டுங்கள். வளைக்க வேண்டிய துண்டைச் சுடர்மேல் ஓரிரு விநாடி காட்டினால் இளகும். பிறகு சொன்னபடி வளையும், விறைத்துத் திரும்பாது. சூப்பர் குளூவைக் குப்பியிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். ஒரு துளியை மூடியில் எடுத்து, ஊசி முனையால் தொட்டு வையுங்கள். கிராதியைக் கடைசியில்தான் ஒட்ட வேண்டும்; முன்பே ஒட்டினால் கைபட்டுக் கசங்கும்.

மேல்தளத்துக்கு மர நிறம் அடிக்காதீர்கள். ஃபிளெட்சர்களுக்கு இரும்புத் தளம், அதன்மேல் நீலம். போரின் கடைசிக் காலத்தில் பல டெஸ்ட்ராயர்களுக்கு அடித்த 'மெஷர் 22' என்ற வண்ண முறையைத் தேர்ந்தெடுத்தால், கீழே கருநீலமும் மேலே வெளிர்சாம்பலும் வரும். இரண்டும் பிரியும் கோடு நீர்மட்டத்துக்கு இணையாக ஓடும். தளத்தின் வளைவைத் தொடராது. தளம் உயரும் அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) அதனால் ஒரு சாம்பல் முக்கோணம் தெரியும். இதைத் தவறவிட்டால் கப்பலின் முகமே மாறிவிடும். துருவை அள்ளிப் பூசும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உயிரோடிருந்த மாலுமிகள் தினமும் சுரண்டிப் பெயின்ட் அடித்த கப்பல் அது.

ஏர்பிரஷ் இல்லாமல் முடியும். உடலுக்கு நல்ல ஸ்ப்ரே டப்பா, மற்றதற்குத் தூரிகை போதும். ஆனால் உங்கள் ஊரில் மழை நாளில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் ஈரப்பதத்தில் வெள்ளை படரும். வெயில் ஏறிய காற்றோட்டமான நாளாகப் பார்த்து, முகக்கவசம் போட்டு அடியுங்கள். பித்தளைக்குப் பிரைமர் கட்டாயம்.

கண்ணாடிப் பெட்டிக்கு 90 செ.மீ. நீளம் சொல்லி, அது நிற்கப்போகும் இடத்தை வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.