நாகுக் கன்றை வெட்டாதேயும்

அன்புள்ள அண்ணா,

இறுதிப் போர்க்கால இடப்பெயர்வை வைத்து 600 பக்கத்தில் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். 400க்குள் குறைத்தால் போடலாம் என்கிறார் பதிப்பாளர். ஊர்ப்பெயர்களும் வட்டார வழக்கும் மிகை என்று சிவப்பு மையால் அடித்திருக்கிறார். தேவையற்ற சொற்களைக் கண்டுபிடிக்க மென்பொருள் ஏதும் உண்டா? எங்கிருந்து வெட்டத் தொடங்குவது? ஓர் அத்தியாயம் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, விசுவமடு

தங்கச்சி,

மென்பொருள் பற்றி என்னிடம் கேட்காதேயும். வட்டார வழக்கைப் பற்றி அவர் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சில்லறை வெட்டுகளை நீரே செய்யலாம். 'மனதுக்குள் நினைத்தாள்' என்கிறீர்; வேறு எங்கே நினைப்பது? 'திடீரென்று', வேலையில்லாமல் நிற்கும் 'ஒரு', பேசுவது யாரென்று தெரிந்த பிறகும் வருகிற 'என்று கூறினாள்' எல்லாம் போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறிடத்தில். மாத்தளனில் ஒரு தாய் தன் கூறைச்சேலையைக் கிழித்து மண்மூட்டை தைக்கிறாள். சரிகையில் இறங்காமல் ஊசி வளைகிறது. பல்லால் கடித்து நிமிர்த்துகிறாள். அதை நான் திரும்பவும் வாசித்தேன். அடுத்த வரியிலேயே 'அவள் இதயம் சுக்குநூறானது, சொல்லொணாத் துயரம் அவளை ஆட்கொண்டது'. யார் கேட்டார்கள் உம்மிடம்? சொல்லொணாது என்று அறிவித்துவிட்டு ஒன்றரைப் பக்கம் சொல்லிக்கொண்டே போகிறீர். வாசிக்கிறவருக்கு நெஞ்சில்லை என்று நினைத்தீரா?

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வெளியே இருந்த அண்ணனுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவத்தில் எழுதுவோம். உறையில் போட்டு ஒட்டக் கூடாது, குடும்பச் செய்தி மட்டும்தான், இடமும் கொஞ்சம். ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அம்மா நீட்டி முழக்க மாட்டார். 'இரணைமடு வான் பாய்கிறது. சிவலை கன்று போட்டது, நாகு. சின்னவளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை.' கஷ்டம் என்ற பேச்சே இருக்காது. ஆனால் அண்ணன் கணக்குப் போட்டுவிடுவார்: குளம் நிரம்பிவிட்டது, சிறுபோகம் விதைக்கலாம், நாகு என்றால் பெண் கன்று, வீட்டில் நிற்கும், விற்க மாட்டார்கள், தங்கைக்குக் காசு அனுப்ப வேண்டும். பக்கம் குறைக்கச் சொன்னால் உமது பதிப்பாளர் முதலில் அடிப்பது அந்த நாகுக் கன்றைத்தான்.

அடித்தும் விட்டார். 'தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன்' என்று நீர் எழுதியதை நீக்கிவிட்டு 'ஊர் ஊராக அலைந்தார்கள்' என்று போட்டிருக்கிறார். ஒருபோதும் விடாதேயும். உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்றால் 2009 ஜனவரி. மாத்தளன் என்றால் பெப்ரவரி. இரண்டு தடவையும் அவை பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடங்கள். யார் எந்த ஊர் வரைக்கும் கூட வந்தார்கள் என்ற கணக்கு இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்த வரியை வாசிக்கிறவர் தன் ஆளைப் பறிகொடுத்த ஊர் வந்ததும் நின்றுவிடுவார். 'ஊர் ஊராக' என்றால் அவர் எங்கே நிற்பார்? கொழும்பில் இருந்து வாசிப்பவருக்குப் புரியாது என்று பதிப்பாளர் வாதாடுவார். புரியாவிட்டால் வரைபடத்தைப் பார்க்கட்டும்.

உமது கையெழுத்துப் பிரதி 400க்கு இறங்காது. அழுகையை எல்லாம் எடுத்தால் 480 வரலாம். அதற்கு மேலும் கேட்டால் வேறு பதிப்பாளரைப் பாரும். வெட்டிக் குறைத்த அத்தியாயங்களை எனக்குத் தாளில் அச்செடுத்து அனுப்பும், எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.