பேர் தெரியாத கேம் ஷாஃப்ட்டை அளந்து பார்ப்பது எப்படி?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். 1968 எம்ஜிபி கார் ஒன்றை எஞ்சின் பிரித்த நிலையில் வாங்கினேன். கூடவே எண்ணெய்த் துணியில் சுற்றிய இன்னொரு கேம் ஷாஃப்ட்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வந்தது. "ரேஸ் கேம்" என்றார் விற்றவர். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. ஒரு முனையில் பாதி அழிந்த இரண்டு எண்கள் மட்டும் இருக்கின்றன. இது என்ன கேம்? ரோட்டில் ஓட்டும் வண்டிக்குப் போடலாமா?

பதில்: அந்த எண்களை வைத்துக்கொண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வார்ப்பில் வரும் எண் கடையாத தண்டுக்கு உரியது. பிறகு கிரைண்டிங் போட்டவர் குத்திய எண் அவர் கணக்குக்கு. தண்டு எத்தனை தடவை கை மாறிக் கடையப்பட்டதோ, யாருக்குத் தெரியும்? லோப் என்பது தண்டில் வால்வைத் தூக்கும் முட்டை வடிவ மேடு. லிஃப்ட் (அது தூக்கும் உயரம்), டியூரேஷன் (எத்தனை டிகிரிக்குத் தூக்கிப் பிடிக்கிறது), லோப் சென்டர் (அதன் உச்சி வரும் கோணம்) மூன்றையும் அளந்துவிட்டால் பேர் தெரியாவிட்டாலும் குணம் தெரிந்துவிடும்.

நான் கை பழகியது அம்பாசடரில். அதன் 1489 சிசி எஞ்சினும் உங்கள் 1798 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) ஒரே பி-சீரிஸ் குடும்பம்தான். அதனால் இது எனக்குப் பழகிய வேலை.

முதலில் கண்ணால் பாருங்கள். எட்டு லோப்பில் எதன் மூக்கிலாவது (உச்சியில்) குழியோ செதிலோ இருந்தால், அது எந்த கேமாக இருந்தாலும் சுவரில் மாட்டும் அலங்காரம்தான். வி-பிளாக்கில் வைத்து உருட்டி, நடு ஜர்னலில் (தண்டு தாங்கியில் சுழலும் பகுதி) டயல் கேஜ் (நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்து வளைவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது லிஃப்ட். மைக்ரோமீட்டரால் மூக்கிலிருந்து அதற்கு எதிர்ப்பக்கமான குதிகால் வரை ஓர் அளவு, அதற்குக் குறுக்கே ஓர் அளவு. கழித்தால் லோப் லிஃப்ட். எட்டையும் எழுதி வையுங்கள். இன்லெட் நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், எக்ஸாஸ்ட் நாலும் அப்படியே. ஒன்று மட்டும் குறைந்தால் அது தேய்ந்திருக்கிறது. எம்ஜிபியின் ராக்கர் விகிதம், அதாவது லோப் லிஃப்ட் வால்வில் எத்தனை மடங்காகிறது என்பது, 1.426. கம்பெனி கேமில் வால்வு லிஃப்ட் 0.3645 அங்குலம், அதாவது 9.25 மிமீ. லோப்பில் அது சுமார் 6.5 மிமீ. உங்களுக்கு 7.1 மிமீ வந்தால் வால்வு ஏறக்குறைய 10.1 மிமீ தூக்கும். அப்போது சாதா கேம் இல்லை என்பது உறுதி. குறுக்களவு கம்பெனி கேமைவிடச் சிறுத்திருந்தால் பழைய தண்டை மறுபடி கடைந்திருக்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் கேமின் தூக்கலை ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பியான புஷ்ராடின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டிவரும்.

டியூரேஷனில்தான் பலரும் வழுக்குகிறார்கள். தண்டின் முனையில் டிகிரி வீலை (கோணம் குறித்த வட்டத் தகடு) மாட்டி, லோப்பின் மேல் டயல் கேஜை வைப்பீர்கள். கேஜின் முனை கூர்மையாகவோ உருண்டையாகவோ இருந்தால் லிஃப்ட் சரியாக வரும், டியூரேஷன் குறைவாக வரும். ஏனென்றால் எஞ்சினில் லோப்பைத் தொடுவது கூர்முனை இல்லை, அகன்ற தட்டை முகமுள்ள டேப்பட். கூர்முனையில் அளந்தால் காரமான கேம்கூட சாதுவாகத் தெரியும். அதனால் டேப்பட்டையே லோப்பின் மேல் நிறுத்தி, அதன்மேல் கேஜ் வையுங்கள்.

எந்த லிஃப்டிலிருந்து எந்த லிஃப்ட் வரை எண்ணுவது என்பது அடுத்த சிக்கல். கேட்லாக்கில் டியூரேஷன் 270, 285 என்று போட்டிருக்கும் எண்களை ஆளாளுக்கு வெவ்வேறு இடத்திலிருந்து எண்ணுகிறார்கள். நீங்கள் டேப்பட் 50 தவ், அதாவது 0.050 அங்குலம், தூக்கிய இடத்தில் ஆரம்பித்து, இறங்கும்போது அதே 50 தவ் வரை எண்ணுங்கள். கென்ட், பைப்பர் போன்ற கேம் தயாரிப்பாளர்களின் பட்டியலோடு ஒப்பிடும்போதும் அவர்கள் எந்த லிஃப்டில் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஆகவே பெஞ்சில் கேமை வைத்து எடுத்த டியூரேஷனை இரண்டால் பெருக்க வேண்டும். ஒரே சிலிண்டரின் இன்லெட் மூக்குக்கும் எக்ஸாஸ்ட் மூக்குக்கும் நடுவிலுள்ள கோணத்தைப் பெருக்கக் கூடாது. கேமில் 110 டிகிரி என்றால் லோப் செபரேஷன் 110 தான்.

மூக்கின் உச்சியை நேராகப் பிடிக்க முடியாது. அங்கே முள் சில டிகிரிகளுக்கு அசையாமல் நிற்கும். ஏறும்போது 50 தவ்விலும் இறங்கும்போது 50 தவ்விலும் கோணத்தைக் குறித்து, நடுவை எடுங்கள்.

கேமை எஞ்சினில் ஏற்றிய பிறகு கிராங்க்கில் டிகிரி வீல் மாட்டி இன்னொரு தடவை பாருங்கள். புல்லி மார்க்கை நம்பாதீர்கள். பிஸ்டனுக்கு ஒரு தடை வைத்து, கிராங்க்கை ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பி ஓர் அளவு, மறுபக்கம் முட்டும்வரை திருப்பி ஓர் அளவு. நடுப்புள்ளிதான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். தடையை எடுத்துவிட்டு, எப்போதும் ஒரே திசையில் திருப்புங்கள், இல்லாவிட்டால் செயினின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். இன்லெட் டிடிசிக்கு 8 டிகிரி முன்பு 50 தவ் தொட்டு, பிடிசிக்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் இடம்) 44 டிகிரி பின்பு அதே 50 தவ்வுக்கு இறங்கினால் டியூரேஷன் 8+180+44, மொத்தம் 232. சென்டர் டிடிசிக்குப் பின் 108. கம்பெனி கேமில் இன்லெட் சென்டர் 110. செயின் சக்கரத்தில் ஆஃப்செட் சாவி போட்டு இந்த சென்டரை நகர்த்தலாம், லோப் செபரேஷனை ஒன்றும் செய்ய முடியாது.

ரோட்டுக்கா என்று கேட்டீர்கள். என் கணக்கில் 50 தவ்வில் 225 வரை வந்தால் தயங்காமல் போடலாம். 232 வந்தால் ஐடிலிங் கொஞ்சம் முரடாக இருக்கும், கார்புரேட்டர் ஊசியை மாற்ற வேண்டிவரும், ஆனாலும் ஓட்டலாம். 240ஐத் தாண்டினால் ஹாரோ டிராஃபிக்கில் கிளட்சோடு மல்லுக்கட்டுவீர்கள். அதைத் துணியிலேயே சுற்றி வைத்துவிடுங்கள். எது போட்டாலும் வால்வு ஸ்பிரிங் முழு லிஃப்டில் சுருள் முட்டுகிறதா, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றி, அழுந்திய இடத்தை வெட்டி அளந்தால் தெரிந்துவிடும்.

டேப்பட்? ஓடிய கேமுக்கு அதன் பழைய டேப்பட்டுகள் அதே லோப்பில் உட்கார வேண்டும். உங்களுக்கு அவை வரவில்லை, எனவே எட்டும் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை ஓர் அம்பாசடரில் பழைய டேப்பட்டுகளை ஒரே டப்பாவில் போட்டுக் கலக்கிவிட்டேன். "தேய்மானம் ஒன்றும் தெரியலையே" என்று கைக்கு வந்ததை வந்த இடத்தில் இறக்கினேன். இருநூறு கிலோமீட்டரில் ஒரு லோப்பின் மூக்கு மழுங்கி வட்டமாகிவிட்டது. லோப்புகளில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டுங்கள்.