மூளையின் வாசலில் நனோ மருந்து: கேள்வி பதில்

நான் கொழும்பில் நுண்ணுயிரியல் வைத்தியராக வேலை செய்கிறேன். மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் அனுமதிக்கப்படும் நோயாளரின் முள்ளந்தண்டு நீர் ஒரு சிறு குழாயில் என் மேசைக்கு வரும். அது தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் கணம் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை. மூளைத் தொற்றுக்களில் நனோ தொழில்நுட்பம் என்ன செய்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

டொக்டர், இரத்தம் உடம்பில் எல்லா இடத்துக்கும் போகிறது. அப்படியானால் மருந்து மட்டும் ஏன் மூளைக்குள் போகாது? (வெள்ளவத்தை, ஆசிரியை)

இரத்தம் போகும், டீச்சர். இரத்தத்தில் இருப்பதெல்லாம் உள்ளே இறங்காது. 1885இல் ஜெர்மனியில் பவுல் ஏர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றினார். உறுப்புகளெல்லாம் நிறம் மாறின, மூளை மாறவில்லை. 1913இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் ஒரு சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறம் மாறியது, உடம்பு மாறவில்லை. இடையில் ஒரு மதில் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. மற்ற உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் சிறு இடைவெளிகள் உண்டு. மூளையில் அந்தச் சுவரின் கலங்கள் நெருக்கித் தைத்ததுபோல் ஒட்டியிருக்கின்றன. தப்பி நுழையும் மருந்தையும் வெளியே தள்ளும் பம்பிகள் அந்தக் கலங்களிலேயே இருக்கின்றன.

இதில் வீட்டார் அறிய வேண்டிய ஒன்று உண்டு. தொற்றினால் அழற்சி ஏற்படும்போது இந்த மதில் கசியத் தொடங்கும். பெனிசிலின் போன்ற மருந்துகள் அந்தக் கசிவு வழியாகத்தான் போதிய அளவு உள்ளே போகின்றன. நோயாளர் தேறத் தேற மதில் மீண்டும் மூடிக்கொள்ளும். "காய்ச்சல் விட்டுவிட்டதே, குளிசை தந்து வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று கேட்கும்போது நாங்கள் மறுப்பது இதனால்தான். ஊசி மருந்தின் அளவைக் கடைசி நாள்வரை குறைக்க மாட்டோம்.

நனோ துணிக்கை மிகச் சிறியது என்பதால் அந்த மதிலுக்குள் நழுவிப் போய்விடும் என்று வாசித்தேன். சரியா? (கொட்டாஞ்சேனை)

பிழை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். மருந்து சுமக்கும் துணிக்கைகள் பெரும்பாலும் 20 முதல் 200 நனோமீற்றர் வரை இருக்கும். மூளை மதிலின் இடுக்குக்கு அதுவே யானை. அதனால் நழுவ முடியாது, கலம் தானாக விழுங்க வேண்டும். பிராங்க்பர்ட்டில் யோர்க் குரொய்ட்டரின் குழு 1995இல் சுண்டெலிகளில் இதைச் செய்து காட்டியது. துணிக்கையின் மேல் பொலிசோர்பேட் 80 என்ற பூச்சைப் பூசினார்கள். இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் புரதம் அந்தப் பூச்சில் வந்து ஒட்டிக்கொள்கிறது. மதில் கலம் அதைத் தனக்கு வந்த கொழுப்புப் பொதி என்று எடுத்து உள்ளே விடுகிறது.

மருந்தகத்தில் வேலை செய்கிறேன். வார்ட்டில் நோயாளருக்கு உண்மையாகவே கொடுக்கப்படும் நனோ மருந்து உண்டா? இல்லை, எல்லாம் எலியோடு நின்றுவிட்டதா? (தெமட்டகொட)

உண்டு. இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன்.

கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசு மண்ணிலும் புறா எச்சத்திலும் வாழ்கிறது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் மூளையுறையில் அது கொடிய தொற்றை உண்டாக்கும். அதற்கு அம்போடெரிசின் பி என்ற மருந்தைத் தருவோம். பழைய வடிவத்தை ஏற்றும்போது நோயாளர் நடுங்குவார், பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகம் கெடும். நோயைக் கொல்லும் அளவைத் தர விரும்பினாலும் சிறுநீரகம் விடாது.

லிப்போசோம் என்பது 100 நனோமீற்றரிலும் சிறிய கொழுப்புக் குமிழ். அதே அம்போடெரிசினை இந்தக் குமிழில் ஏற்றியபோது நிலைமை மாறியது. பொட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய 5 நாடுகளில் நடந்த அம்பிஷன் என்ற ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரே ஒரு தடவை லிப்போசோம் மருந்து ஏற்றினார்கள். கூடவே 14 நாட்களுக்கு புளுசைற்றோசின், புளுக்கொனசோல் என்ற வேறு இரண்டு பங்கசு மருந்துகளும் கொடுத்தார்கள். 10 வாரங்களில் இறந்தவர்கள் 24.8 சதவீதம். பழைய முறையில், அதாவது ஒரு வாரம் தினமும் அம்போடெரிசின் ஏற்றியவர்களில், 28.7 சதவீதம். புதிய முறை பழையதற்குச் சளைத்ததல்ல என்று நிரூபணமானது, பக்க விளைவுகளும் குறைந்தன. உலக சுகாதார அமைப்பு அதே ஆண்டில் இதைப் பரிந்துரைத்தது.

இந்தக் குமிழ் மதிலைத் துளைத்துப் பறந்து போகும் அம்பு அல்ல என்பதைக் கவனியுங்கள். அது மருந்தின் கொடுமையைத் தணித்தது, அதனால் பெரிய அளவை ஒரே தடவையில் தர முடிந்தது. நனோ மருத்துவம் மூளைத் தொற்றில் இதுவரை மனித உயிருக்குச் செய்த மிகப் பெரிய உதவி இந்தச் சாந்தப்படுத்தல்தான் என்பது என் உறுதியான கருத்து. ஏழை நாட்டு வார்ட் ஒன்றில் ஏழு நாள் ஊசி ஒரு நாளாகக் குறைவது என்றால் என்ன என்று அங்கு வேலை செய்யும் தாதியைக் கேட்டுப் பாருங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பதில் நனோ உதவுமா, மிஸ்? (பம்பலப்பிட்டி, உயர்தர மாணவி)

உதவுகிறது, தங்கை. கொவிட் காலத்தில் வீட்டில் வைத்துப் பார்த்த துரித அன்ரிஜன் அட்டை ஞாபகமிருக்கும். அத்தகைய பல அட்டைகளில் தெரிந்த செங்கோடு தங்கத்தின் நிறம். தங்கத்தை நனோ அளவுக்குச் சிறிதாக்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பாகத் தெரியும். கிரிப்டோகொக்கஸுக்கும் இதே முறையில் ஒரு பட்டி இருக்கிறது, அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்றது. முள்ளந்தண்டு நீரில் ஒரு துளி போதும், பத்து நிமிடத்தில் பதில் வரும். முன்பு கறுப்பு மையில் கலந்து நுணுக்குக்காட்டியில் தேடினோம், பலமுறை தவறவிட்டோம். பக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கு இன்னும் ஓரிரு நாள் காத்திருக்கிறோம், காசநோய்க் கிருமிக்கு வாரக்கணக்கில்.

என் தம்பிக்குக் காசநோய் மூளைக்காய்ச்சல். ஒரு வருடம் குளிசை போட வேண்டுமாம். நனோ மருந்தால் அதைக் குறைக்க முடியாதா? (ஹட்டன், இப்போது கொழும்பில்)

இந்தியாவின் சண்டிகரில் செய்து 2006இல் வெளியான ஆய்வொன்று உண்டு. காசநோய் மருந்துகளைக் கரையும் பொலிமர் துணிக்கைகளில் அடைத்துச் சுண்டெலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். ஒரு தடவை கொடுத்த மருந்து மூளையில் ஒன்பது நாள் நின்றது. பத்து நாளுக்கு ஒன்று வீதம் ஐந்து தடவை கொடுத்தபோது மூளையுறையில் கிருமி அகப்படவில்லை. மெதுவாகக் கசியவிடும் இந்த எண்ணம் நமக்கும் அந்நியமல்ல. ஹோமாகமவில் உள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2017இல் யூரியாவை நனோ துணிக்கையில் பிணைத்து வயலில் மெல்ல மெல்ல வெளிவரச் செய்தார்கள்.

ஆனால் தம்பிக்கு இன்று தரக்கூடிய அப்படியொரு குளிசை கிடையாது. ஒரு நாளும் விடாமல் இருப்பதைப் போடச் சொல்லுங்கள். இரண்டாம் மாதத்தில் தலைவலி போனதும் நிறுத்திவிட்டு, பேச்சிழந்து திரும்பி வந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை.

கேரளாவில் மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்களே? (கிராண்ட்பாஸ்)

அது மூக்கு வழியாக ஏறுகிறது. குடிப்பதால் வராது. வெள்ளி நனோ துணிக்கையோடு மருந்தைப் பிணைத்து ஆய்வுகூடக் கிண்ணத்தில் அந்த அமீபாவைக் கொன்றிருக்கிறார்கள், அதற்கு மேல் இன்னும் போகவில்லை. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் தலையை அமிழ்த்திக் குளிக்க வேண்டாம்.

ஞாபகசக்திக்கும் மூளைக்காய்ச்சல் வராமலிருக்கவும் என்று 'நனோ வெள்ளித் தண்ணீர்' விற்கிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்கலாமா? (மட்டக்குளி, தாய்)

கொடுக்காதீர்கள் அம்மா. வெள்ளி உடம்பில் படிந்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகும், அந்த நிறம் திரும்பாது. மூளைக்காய்ச்சலைத் தடுப்பது தடுப்பூசி. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு 1988 முதல் இந்நாட்டில் தடுப்பூசி போடுகிறார்கள். சிறு குழந்தைகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் என்ற பக்டீரியாவுக்கு எதிரான மருந்து 2008 முதல் குழந்தைகளின் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் இருக்கிறது. பிள்ளையின் சுகாதார அட்டையை எடுத்து இரண்டும் போட்டாயிற்றா என்று பாருங்கள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்று மாமியார் பயப்படுகிறார். (கொம்பனித்தெரு)

உங்கள் மாமியாரைப் போலப் பயந்து கையெழுத்து வைக்க மறுத்த குடும்பங்கள் பல. வளர்ந்தவரில் முள்ளந்தண்டு நரம்பு முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி ஏறுவது அதற்கும் கீழே, மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில். அங்கே நீரில் மிதக்கும் வேர் இழைகள்தான் இருக்கின்றன, அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும். சில நாள் தலைவலி வரலாம். மூளையில் அழுத்தம் கூடியிருக்கும் என்று சந்தேகித்தால் முதலில் ஸ்கேன் எடுப்போம், மருந்தை மட்டும் அதற்காகத் தாமதிக்க மாட்டோம்.

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வெளிச்சம் தாங்காமை, வலிப்பு, புத்தி மாறாட்டம், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வார்ட்டில் கேட்டால் முள்ளெலும்பின் படத்தை வைத்தே விளக்குவார்கள். நீங்கள் சம்மதித்து எடுத்த அந்தக் குழாய் எந்நேரம் வந்தாலும் உடனே எண்ணிப் பார்த்து, கலங்களின் தொகையை வார்ட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம்.