ஏழை நாடுகளின் புள்ளிவிவரத் துறையை வலுப்படுத்த முதலில் எதைச் செய்ய வேண்டும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கணினிக்கும் டேப்லட்டுக்கும் இவ்வளவு செலவழித்தும் வளரும் நாடுகளின் கணக்குகள் ஏன் நம்பும்படி இல்லை? தோட்டப்புற மக்களின் நிலை ஏன் எந்த அட்டவணையிலும் தெரிவதில்லை? இரண்டுக்கும் பெரும்பகுதி விடை, ஆய்வுக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்க உதவும் வீட்டுப் பட்டியலில் இருக்கிறது.

மலேசியாவில் நாடு முழுவதும் கணக்கெடுப்பு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வட்டாரத்தில் சராசரியாக 80 முதல் 120 குடியிருப்புகள், 500 முதல் 600 பேர். ஆய்வு நடத்தும்போது முதலில் சில வட்டாரங்களைக் குலுக்கலில் எடுப்பார்கள், பிறகு அவற்றுக்குள் குறிப்பிட்ட இடைவெளிவிட்டுச் சில வீடுகளை. குடிக்கணக்கோ பத்தாண்டுக்கு ஒருமுறைதான். இடையில் தோட்டம் விற்கப்படும், லயத்து வீடுகள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிபடும், குடும்பங்கள் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போய்விடும். ஏட்டில் 90 வீடு இருக்கும் வட்டாரத்தில் இன்று 360 வீடு இருக்கிறது என்று வையுங்கள். பத்து வீட்டை எடுத்தால் ஒவ்வொன்றும் 36 வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய பட்டியலை நம்பினால் 9 வீட்டுக்குத்தான் சொல்லும். அந்தப் பகுதி மக்கள் கால் பங்காகச் சுருங்கிவிடுவார்கள், அதுவும் யாருக்கும் தெரியாமலே.

ஆகவே தேர்வான ஒவ்வொரு வட்டாரத்தையும் ஆய்வுக்கு முன் நடந்து பார்த்துப் புதிதாகப் பட்டியலிட வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. பணம் போதாதபோது பல நாடுகளில் முதலில் வெட்டப்படுவது இதுதான். டேப்லட்டை வெட்ட மாட்டார்கள், ஏனென்றால் அது படத்தில் தெரியும்.

தோட்டத்தில் ஒரு குறுக்குவழி ஆசை காட்டும்: ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டை வாங்கிக்கொள்வது. அதில் இருப்பது சம்பளப் பேர் மட்டும். குத்தகையாளர் கொண்டுவந்த அந்நியத் தொழிலாளர்களும், வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் லயத்திலேயே இருக்கும் பெரியவர்களும், பட்டணத்து வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அதில் வரமாட்டார்கள். சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், பட்டியலாக்கக் கூடாது.

நேரமும் முக்கியம். பால் மரம் வெட்டுபவர்கள், அதாவது ரப்பர் பால் எடுப்பவர்கள், விடியுமுன் போய்விடுவார்கள். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் பாட்டிதான் இருப்பார், மகனுடைய வருமானத்தை உத்தேசமாகச் சொல்வார். குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு வேளையில், அதில் ஒன்று மாலையிலோ ஞாயிறன்றோ போக வேண்டும். ஆளில்லை என்று பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய கேடு. எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் கணக்காக அது மாறிவிடும். இதைத் தடுக்க, முடித்த படிவங்களில் நூற்றுக்கு ஐந்தையாவது மேற்பார்வையாளர் அதே வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, நாம் ஏன் அட்டவணையில் தெரிவதில்லை என்பது. ஒரு மாவட்டத்தின் விகிதம் ஒன்றை 5 விழுக்காட்டுப் புள்ளி முன்பின்னாகச் சொல்ல, எளிய குலுக்கலில் 385 வீடு போதும். ஒரே வட்டாரத்து வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அதை இரட்டிப்பாக்கி 770 என்று கொள்ள வேண்டும். நூற்றுக்கு 15 வீடு பதில் தராது என்றால் 900 வீட்டுக்குப் போக வேண்டும், அதாவது 90 வட்டாரம். 2020 குடிக்கணக்கின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. அதே விகிதத்தில் பார்த்தால் அந்த 770இல் நம் வீடுகள் ஐம்பது சொச்சம்தான். அதை வைத்துச் சொல்லும் எண்ணில் பிழை 14 புள்ளி, வட்டார ஒற்றுமையையும் சேர்த்தால் 20க்கு அருகில். யாரும் மறைக்கவில்லை, அச்சிடத் தகுதியான எண் இல்லை. இதற்கு வழி உண்டு: தோட்டம், மலிவுவிலை வீடுகள் உள்ள வட்டாரங்களைக் கூடுதலாக எடுத்து, பிறகு எடையை, அதாவது ஒவ்வொரு வீடும் எத்தனை வீட்டுக்குப் பதில் சொல்கிறது என்ற எண்ணை, சரிசெய்வது. அல்லது இரண்டு சுற்று ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது. சமூக அமைப்புகள் புள்ளிவிவரத் துறையிடம் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ‘எங்களைக் கணக்கில் எடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை.

பட்டியலைப் போலவே, எதை எப்படி அளப்பது என்ற வரையறையும் பழையதாகும். 2016இல் மலேசியாவின் வறுமைக் கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட், வறுமை 0.4 விழுக்காடு. 2019இல் முறையை மாற்றி, கோட்டை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். புதிய முறைப்படி அதே 2016ஆம் ஆண்டின் வறுமை 7.6 விழுக்காடு. பழைய ஆய்வுத் தரவைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் பின்னோக்கிக் கணக்கிட முடிந்தது. நைஜீரியா 1990ஐ, விலைகளையும் தொழில்களின் பங்கையும் ஒப்பிடும் அடிப்படை ஆண்டாக வைத்திருந்து 2014இல்தான் 2010க்கு மாற்றியது. உடனே 2013ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 89 விழுக்காடு கூடிவிட்டது.

வீடுவீடாகப் போவதை விட்டு அரசுப் பதிவேடுகளை இணைத்தால் போதும் என்கிறார்கள். செலவு குறையும், உண்மை. ஆனால் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதவர் அந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை. அவர்கள் நம் தோட்டப்புறங்களிலும் இருக்கிறார்கள்.

பணம் உள்நாட்டுப் பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் தாய்சேய் நலத்தை அளந்த ‘மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள்’ (DHS) அமெரிக்க உதவியில் நடந்தவை. 2025இல் அந்த உதவி நின்றதும், நடந்துகொண்டிருந்த ஆய்வுகள்கூடப் பாதியில் தடைப்பட்டன. அதோடு, எந்த எண் எந்த நாளில் வெளிவரும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். அமைச்சருக்குப் பிடிக்காத எண்ணைத் தள்ளிப்போட அப்போது இடமிருக்காது.

உங்கள் ஊரைப் பற்றி இருப்பதைப் பார்க்க, மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் (OpenDOSM) இணையத் தளத்தில் ‘கவாசான்கு’ பகுதிக்குப் போங்கள். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்கும், அதற்குள் லிந்தாங், ஜாலோங் சட்டமன்றத் தொகுதிகளுக்கும் தனித்தனியே எண்கள் உண்டு. ஆனால் ஒரு தனித் தோட்டத்தின் நிலையை அதில் தேடாதீர்கள், அது அந்த அளவுக்கு இறங்காது.