மாமாவுக்குத் தெரிந்த எம்.எல்.ஏ. பெயரை எழுதலாமா?

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். பின்னணியைச் சரிபார்ப்பதற்கான அட்டெஸ்டேஷன் படிவத்தில் என்னை அறிந்த இருவரின் பெயர், முகவரி கேட்கிறார்கள். எங்கள் எம்.எல்.ஏ. என் மாமாவுக்குப் பழக்கம். அவர் பெயரையே எழுதச் சொல்கிறார் மாமா. கடந்த மூன்று ஆண்டுகள் சென்னையில் விடுதியில் இருந்தேன். கல்லூரிக் காலத்தில் ஒரு மறியல் வழக்கில் என் பெயரும் இருந்தது, பிறகு விடுதலையாகிவிட்டோம். யார் பெயரை எழுதுவது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: எம்.எல்.ஏ. வேண்டாம், தம்பி. அவருக்கு உங்கள் மாமாவைத்தான் தெரியும். விசாரிக்க வருபவர் கேட்பது உங்களைப் பற்றி.

ஊழியர் நியமனத்தைக் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவில் நான் இருந்தபோது இந்தப் படிவங்கள் என் மேசை வழியாகத்தான் மாவட்ட நிர்வாகத்துக்குப் போகும். பெரிய மனிதர் பெயர் போட்டால் கோப்பு வேகமாக நகரும் என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நகராது. அவர் ஊரில் இருக்கமாட்டார். உதவியாளருக்கு உங்களை யாரென்றே தெரியாது.

உங்கள் தெருவிலேயே பல ஆண்டுகளாக இருக்கும் ஒருவர், பகலில் வீட்டில் இருப்பவராக இருந்தால் நல்லது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அஞ்சலக ஊழியர் போன்றவர்கள் எனக்குப் பிடித்த தேர்வு. நிதானமாகப் பதில் சொல்வார்கள். இன்னொருவர் சென்னையில் உங்களை அறிந்தவராக இருக்கட்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களையெல்லாம் படிவம் கேட்கிறதே, விடுதி முகவரியும் அதில் வரும். உறவினரைத் தவிர்த்துவிடுங்கள், சித்தப்பா உங்களைப் புகழ்வதில் யாருக்கு என்ன வியப்பு?

இருவரையும் நேரில் பார்த்துச் சம்மதம் கேளுங்கள். முக்கியமாக, சான்றிதழில் உள்ள உங்கள் முழுப் பெயரைச் சொல்லி வையுங்கள். தெருவில் எல்லோருக்கும் நீங்கள் ‘குட்டி’யாகவோ ‘ராசு’வாகவோ இருப்பீர்கள். சான்றிதழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால், பத்து வீடு தள்ளி இருப்பவரும் “அப்படி யாரும் இங்கே இல்லையே” என்று அனுப்பிவிடுவார். என்ன வேலை, எந்தத் துறை, விடுதியில் இருந்த காலம் எது என்பதையும் சொல்லுங்கள். என்ன பேச வேண்டும் என்று மட்டும் பாடம் நடத்தாதீர்கள்.

இனி அந்த வழக்கு. விடுதலையாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா என்று படிவம் தனித்தனியாகக் கேட்கிறது. தகவலை மறைத்தாலே தகுதியிழப்பு என்று மேலேயே அச்சிட்டிருக்கிறது. 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு வழக்கை மறைத்தவர்களை நிர்வாகம் மன்னிக்கலாம் என்றது. மன்னிப்பது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமையன்று. வழக்கு எண், தீர்ப்பு நாள் இரண்டையும் எழுதித் தீர்ப்பு நகலையும் இணையுங்கள். நீங்கள் குறித்த இருவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். நீங்கள் ‘இல்லை’ என்று எழுத, தலைமையாசிரியர் வெள்ளந்தியாக “அந்த மறியலில் பையன் நல்லபடியாக வெளியே வந்துவிட்டான்” என்று சொன்னால் என்ன ஆகும்?

படிவத்தோடு வரும் அடையாளச் சான்றில் கெஜட்டட் அலுவலரைப் போல எம்.எல்.ஏ.வும் கையெழுத்திடலாம். ஆனால் இத்தனை ஆண்டுகளாக உங்களை அறிவேன் என்று எழுதித்தான் அவர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பிறகு புதிதாக ஏதேனும் வழக்கு வந்தால் அதையும் உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும்.