அலுவலகத்துக்கு அழைத்தால் மறுக்க முடியுமா?

கேள்வி: கொரோனா காலத்திலிருந்து சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்காக ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் வீட்டிலிருந்தே பணிபுரிகிறேன். இப்போது வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்கிறார்கள். அப்பா விசைப்படகுத் தொழிலாளி. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மறுக்கலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: முதலில் பணிநியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பணியிடம் சென்னை என்றிருந்து, வீட்டிலிருந்து பணிபுரியும் அனுமதி பின்னர் மின்னஞ்சலில் மட்டும் வந்திருந்தால், நிறுவனம் அதைத் தற்காலிகச் சலுகை என்றே சொல்லும். அதை எதிர்த்து வாதிட உங்களுக்கு அதிக இடமிராது. டிசிஎஸ் 2023 அக்டோபரிலும் அமேசான் 2025 ஜனவரியிலும் ஐந்து நாள் வருகையைக் கட்டாயமாக்கிவிட்டதால், வேறு நிறுவனத்துக்கு மாறித் தப்பிக்கும் கணக்கும் முன்போல் பலிப்பதில்லை.

கேட்டுப் பெறுவதற்கு வழியுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்கு மட்டுமாவது வீட்டிலிருந்து பணிபுரிய, முடித்துக்கொடுத்த வேலைகளின் பட்டியலோடு மேலாளரிடம் கேளுங்கள். பொதுவான குடும்பச் சூழலைச் சொல்வதைவிடத் தேதி குறித்துக் கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

சென்னை சென்றால் வாடகை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் மட்டுமே வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கிடைக்கும். புதிய முறையில் கிடையாது. பலர் இதைக் கவனிக்காமல் சம்பளக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வேலையை விடுவதே முடிவென்றால், பணியிடம் உங்கள் வீடு என்று எழுதிய புதிய நியமனக் கடிதம் கைக்கு வந்தபின் ராஜினாமா செய்யுங்கள்.